தாம்பூலப் பையில் இரண்டு மீன்

அன்புள்ள பாப்பா,

நம் குடும்ப வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு முடிவு, விளாங்குடியில் நம் வீட்டுக் கூடத்தில், சத்தம் போடும் மின்விசிறியின் கீழ், இரண்டாம் சுற்றுக் காபிக்குப் பிறகு எட்டப்பட்டது. உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு கொடுத்தனுப்பும் தாம்பூலப் பையின் மேல் அச்சிடப்பட வேண்டிய மீன்கள் இரண்டு என்பதே அந்த முடிவு. ஒன்றுதான் என்று ஒரு தரப்பும், ஒன்றும் கூடாது என்று இன்னொரு தரப்பும் பிடிவாதமாக இருந்தன. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் மாமா செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடியும் மாட்டினார். நான் நடுநிலை வகித்தேன், அதாவது டம்ளர்களைக் கழுவினேன். தேசங்கள் தம் எல்லைக்கோட்டை இதைவிடச் சுருக்கமாகப் பேசி முடித்திருக்கின்றன.

நீ ஹைதராபாத் போய்ச் சேர்ந்த மறுநாள் போனில் கேட்டாய்: “அப்பா, பையில இருக்குற ரெண்டு மீனும் எப்படிக் கெடச்சுச்சு? வலது பக்கத்து மீனுக்கு ஏன் ரெண்டு வாலு?” உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “கடல்ல கெடச்சுச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு, அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமுடி நரைக்கும் வரை எழுத்து வேலை பார்த்தவன் அப்படிப் பாதி உண்மை சொல்லக் கூடாது. மீதிப் பாதியை எழுத்தில் தருகிறேன். படித்துவிட்டு உன்னிடமே வைத்துக்கொள். அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்; காரணம் போகப் போகப் புரியும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், அந்தத் தூண்டிலிலிருந்துதான். வங்கி வேலை கிடைத்து நீ ராமநாதபுரம் போனபோது, நான் பயந்தது தண்ணீருக்கும் வெயிலுக்கும்தான். மாற்றல் வாங்கி மதுரைக்குத் திரும்பியபோது நீ கொண்டுவந்த சாமான்களில், இரண்டாகப் பிரித்துக் கட்டிய பிறகும் ஆட்டோவின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பு இருந்தது. தலைமுறை தலைமுறையாக முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத குடும்பம் நம்முடையது. உன் அம்மா கேட்டைப் பாதி திறந்து, பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி அது?”

“தூண்டில்மா.”

“எதுக்கு?”

“மீன் புடிக்க.”

“புடிச்சு?”

“விட்டுருவேன்.”

“அதுக்குப் புடிக்காமலே விட்டுறலாம்ல?”

பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள் கேட்ட கேள்வி. இன்றுவரை அதற்கு உன்னிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பதில் இல்லாமலேயே நாம் இத்தனை வருஷம் கடற்கரைக்குப் போய்வந்திருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

என்னை உன்னோடு அனுப்பியது உன் மாமாதான். வயசுப் பெண் விடியற்காலையில் தனியாகக் கடலோரம் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டார். பார்க்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை, இருந்தாலும் அவர்களும் மீன்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நீ சொன்னது எடுபடவில்லை. ஆகவே குடை, செய்தித்தாள், தயிர்சாதம் சகிதம் நான் உனக்குக் காவலாக நியமிக்கப்பட்டேன். தேவிபட்டினம் தாண்டி, அலையே இல்லாமல் கண்மாய் மாதிரிக் கிடக்கும் அந்தக் கரையில் நீ இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பாய். நான் பனைமர நிழலில் உட்கார்ந்து, உன்னை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நண்டுகள் பார்த்தன.

அதுவரை எனக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம்தான். என் தாத்தாவைக் கரைக்க அப்பாவோடு போனேன். பிறகு அப்பாவைக் கரைக்க நானே போனேன். நம்மைப் போன்ற மதுரைக்காரர்களுக்குக் கடல் என்பது யாரையாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம். காரியம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் நடங்க என்று சொல்லுவார்கள். நானும் அப்படியே நடந்தவன். யாரும் சாகாமல் ஒருவன் கடற்கரைக்குப் போகலாம், போய் உட்காரலாம், அதன் முகத்தைப் பார்க்கலாம் என்பதே உன்னால்தான் எனக்குத் தெரிந்தது. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு ஒரு மனுஷனுக்குப் புதிதாக ஒரு திசை கிடைப்பது லேசான காரியமில்லை. அதற்கு நான் உனக்கு இதுவரை நன்றி சொன்னதில்லை. நம் வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை, சொன்னால் உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தபாலில் யாரும் நெற்றியைத் தொட முடியாது என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அச்சு எடுப்பது வந்தது ஒரு பாறை மீனால். நீ பிடித்ததையெல்லாம் விட்டுவிடுகிறவள். அது மட்டும் தூண்டில் முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிட்டது, பிழைக்கவில்லை. தூக்கிப் போட உனக்கு மனசில்லை, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. அந்தக் கரையில் டீக்கடை வைத்திருக்கும் செல்வி, “எங்கிட்டக் குடு தாயி, கொழம்பாவது வைக்கிறேன்” என்றாள். கொடுக்கத்தான் போகிறாய், ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று ஒரு அடையாளம் வேண்டும் என்றாய். போட்டோ போதாதா என்று கேட்டேன். “போட்டோல இருக்குறத விடப் பெருசாவும் காட்டலாம், சின்னதாவும் காட்டலாம். இது அது அளவுலயே இருக்கும்ப்பா” என்று சொல்லி, மீன்மேல் மை தடவித் தாளை ஒற்றி எடுக்கும் ஒரு வீடியோவைக் காட்டினாய். ஜப்பானில் செய்வார்களாம்.

நீ மை தடவித் தாளைப் போட்டு அமுக்கியதில் முதல் அச்சு நசுங்கிய கத்தரிக்காய் மாதிரி வந்தது. அப்போதுதான் என் உத்தியோக வாழ்க்கைக்கு ஒரு பயன் ஏற்பட்டது. நிலம் விற்க வரும் ஆட்களின் நடுங்கும் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வாங்கியே காலம் கழித்தவன் நான். விரலை அமுக்கினால் கோடெல்லாம் சேர்ந்து மொத்தையாகிவிடும், தொட்டும் தொடாமலும் உருட்டி எடுக்க வேண்டும். மீனும் அதேதான். வழுவழுப்பை உப்புப் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, செவுளுக்கு அடியில் ஈரம் வராமல் அடைத்து, துடுப்பை விரித்து, செல்வி கொடுத்த கணவாய் மையைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி, பட்டம் செய்யும் மெல்லிய தாளைப் போட்டு, விரல் நுனியால் ஒற்றினேன். தாளைத் தூக்கியபோது ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக வந்திருந்தது. கண் மட்டும் வரவில்லை. கண் எந்த மீனுக்கும் அச்சில் வராது. அதை நீ பென்சில் சீவுகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு தூரிகையால் வைத்தாய். மையைக் கழுவிவிட்டுச் செல்வி அந்தப் பாறையைக் குழம்பு வைத்தாள். நாம் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

அச்சை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்பது அடுத்த வழக்கு. உன் அம்மா தாளை மோந்து பார்த்தாள், வெயிலில் காயவைத்தாள், மறுபடி மோந்து பார்த்தாள். மீன் அசைவம், மீனின் அச்சு சைவம் என்று தீர்ப்பு வந்தது. டிவிக்கு மேலே மாட்டினோம். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “சார் எந்தக் கட்சி?” என்றார். எதிர்வீட்டு அம்மா பாண்டியர் கொடி என்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் மீனைச் சுவரில் மாட்டிவிட்டு அது வெறும் மீன்தான் என்று யாரையும் நம்பவைக்க முடியாது.

கல்யாணம் நிச்சயமானதும் நீ எதிலும் தலையிடவில்லை. புடவை அம்மா சொன்னது, மண்டபம் மாப்பிள்ளை வீட்டார் சொன்னது, சமையல்காரர் மாமா சொன்னது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவள், தாம்பூலப் பைக்கு அச்சகத்தில் மாதிரி கேட்டபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, “பிள்ளையார், குத்துவிளக்கு ஒண்ணும் வேணாம். நம்ம பாறை மீனப் போடுங்க” என்றாய். இதுவரை நீ கேட்ட ஒரே காரியம் என்பதால் நான் உடனே சரி என்றேன். உன் மாமாவைக் கேட்கவில்லை.

உன் மாமா வில்லாபுரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடையால் அவருக்கு ஏற்பட்டிருக்கும் அதிகாரத்தின் அளவு உனக்குத் தெரியாது. மதுரையின் தென்பகுதியில் எது மங்கலம், எது அமங்கலம் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார் என்று அவர் நம்புகிறார். மாதிரிப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அதைத் தரையில் வைத்தார்.

“மாப்ள, இது செத்த மீனுதான?”

“ஆமா மச்சான். அப்பப் பாத்துச் செத்துருச்சு.”

“செத்ததோட உருவத்தப் போட்டுத் தாம்பூலம் குடுத்தா, வாங்குறவன் எப்படி வீட்டுக்குள்ள கொண்டு போவான்? அதுவும் ஒத்த மீனு. கல்யாணத்துக்கு எதையாச்சும் ஒத்தையாக் குடுப்பாகளா?”

நீ அறையிலிருந்து வெளியே வந்து, மீன் இல்லையென்றால் பையே வேண்டாம் என்றாய். அவர் எழுந்து, தான் கல்யாணத்துக்கு வருவதாகவும், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவதாகவும், ஆனால் மேடையேறி உன் நெற்றியில் பட்டம் கட்டப்போவதில்லை என்றும் அறிவித்தார். உன் அம்மாவுக்கு இருப்பது ஒரு அண்ணன். தாய்மாமன் பட்டம் கட்டாமல் அவள் பெண் மணவறையில் உட்காருவது என்பது, அவளைப் பொறுத்தவரை, கூரை இல்லாத வீட்டில் பால் காய்ச்சுவது மாதிரி. “அண்ணே” என்றாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், அவர் செருப்பை மாட்டிக் கழற்றியதும் அப்போதுதான்.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், புது வீட்டில் உதவும். நிபந்தனை போடுகிறவரைக் கண்டு பயப்படாதே. வரவே மாட்டேன் என்று முடிவு செய்தவர் நிபந்தனை போட மாட்டார், பேசாமல் போய்விடுவார். வாசலில் நின்று கத்துகிறவர் உள்ளே கூப்பிடச் சொல்லிக் கத்துகிறார். உன் மாமா இரண்டாம் முறை செருப்பைக் கழற்றியபோது எனக்கு அது புரிந்தது. காபி போட்டேன். குடித்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். மீன் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். அப்படியென்றால் அது மீனாட்சி ஊருக்கு ஆகும். கறுப்பு மை கூடாது, மஞ்சள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் உயிரோடு இருக்க வேண்டும், அச்சு எடுத்த பிறகும் உயிரோடு திரும்பிப் போக வேண்டும்.

நான் பாறை மீனின் அச்சையே கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு ஜோடியாக்கலாம் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. “திருப்பிப் போட்டா அது கண்ணாடிப்பா, மீனு இல்ல” என்றாய். பதிவு அலுவலகத்திலும் திருப்பிப் போட்ட ரேகை செல்லாது. கடையில் வாங்கவும் கூடாது, நம் கரையில், நம் தூண்டிலில் வந்த மீனாக இருக்க வேண்டும் என்பது உன் நிபந்தனை. அதில் ஒரே ஒரு சிக்கல். உனக்கு அதற்குள் பந்தக்கால் நட்டாகிவிட்டது. பந்தக்கால் நட்ட பிறகு பெண் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கடல் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. வீட்டில் மீன் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நீதான்.

ஆகவே அதுவரை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் நடந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத நானும், மீன் உயிரோடு திரும்பிப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உன் மாமாவும் கிளம்பினோம். நீ வாசலில் நின்று இரண்டு விஷயம் சொன்னாய். ஓரா மீன் பாசி தின்னும், இட்லியை உருட்டிப் போட்டால் வரும் என்பது ஒன்று. அதன் முதுகு முள் விஷ முள், கையை வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. மாமா அப்போது காரில் மஞ்சள் பொட்டலத்தையும் புது வேட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் அவரிடம் முதல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“கீரை திங்குற மீனா?”

“ஆமா மச்சான்.”

“புழு, பூச்சி ஒண்ணும் தொடாதா?”

“பாசிதான் திங்குமாம்.”

“அப்ப நம்ம ஆளு மாப்ள” என்றார். அதற்குப் பிறகுதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகங்களைக் கும்பிட்டுவிட்டு நம் கரைக்குப் போனோம். செல்வி எங்களைப் பார்த்ததும் உன்னைத் தேடினாள். கல்யாணம் என்று சொன்னதும் டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டாள். பிறகு நாங்கள் தூண்டிலை மாட்டுகிற அழகைப் பார்த்து, “மீனுதான வேணும், எங்கிட்டக் கேளுங்கண்ணே, எதுக்கு வெயில்ல நிக்கிறீக?” என்று, காலையில் வலையில் வந்த ஒரு நாக்கு மீனை வாளியில் கொண்டுவந்து காட்டினாள். வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மாமா ஆவலாக அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் வெறும் வெள்ளை. கண் இல்லை, கோடு இல்லை, ஒன்றுமே இல்லை. “என்ன மாப்ள, ஒரு பக்கம் எழுதாமயே விட்டுட்டான்” என்றார். உன் நிபந்தனைப்படியும் அது செல்லாது. வாளி திரும்பிப் போனது.

பாப்பா, இத்தனை வருஷம் உன் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தூண்டில் வீசத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நான் பார்த்ததெல்லாம் உன் முதுகைத்தான் போலிருக்கிறது. முதல் வீச்சில் முள் என் குடையில் மாட்டியது. அடுத்ததில் இட்லி தனியாகவும் ஈயக்குண்டு தனியாகவும் போய் விழுந்தன. அம்மா மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த இட்லிகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன. செல்வி வெங்காயம் நறுக்கியபடியே, “திங்காத மீன எதுக்குண்ணே புடிக்கணும்?” என்று கேட்டாள். உன் அம்மா கேட்ட அதே கேள்வி. மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல், “பத்திரிகை வைக்க வந்துருக்கோம்மா” என்றார்.

கடைசியில் ஒரு இட்லி உருண்டை நான் நினைத்த இடத்தில் போய் விழுந்தது. தூண்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு பிளாஸ்க்கைத் திறந்தேன்.

“மாப்ள.”

“என்ன மச்சான்?”

“யாரோ கூப்புடுறாக.”

“யாரு?”

“உள்ள இருந்து.”

கம்பு வளைந்திருந்தது. ரீலை எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. அவர் சுற்றவே இல்லை. தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு, தேர் வடம் பிடித்தவர் மாதிரி, கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். மீன் பின்னாலேயே வந்தது. உள்ளங்கையைவிடப் பெரிய ஓரா, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாலில் மேல் நுனி லேசாக வெட்டுப்பட்டிருந்தது. வந்தது ஒன்றுதான். இரண்டு வேண்டுமே என்று நான் கடலைப் பார்த்தேன். மாமாதான், நாக்கு மீனைத் திருப்பிப் பார்த்த ஞாபகத்தில், “இதுக்கு அந்தப் பக்கமும் இருக்குல்ல மாப்ள?” என்றார். இருந்தது. இடது பக்கம் ஒரு அச்சு, வலது பக்கம் ஒரு அச்சு. இரண்டும் எதிரெதிராகத்தான் பார்க்கும். முன்பே ஒரு மீனை அச்செடுத்த எனக்கு அது தோன்றவே இல்லை.

ஈரத் துண்டில் அதைக் கிடத்தினேன். நான் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தபோது அது துள்ளியது. மணலில் விழுந்துவிடப் போகிறதே என்று, கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுக்கிற மாதிரி, மாமா அதன் முதுகில் கையை வைத்து அணைத்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் நீ சொன்ன இரண்டாவது விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. முள் ஆள்காட்டி விரலில் ஏறியிருந்தது. தேள் கொட்டினால்கூட இவ்வளவு வலிக்காது என்று பிற்பாடு செல்வி சொன்னாள்.

“விடுங்க மச்சான், கைய எடுங்க.”

“எடுத்தா விழுந்துரும். நீங்க அச்ச எடுங்க மாப்ள.”

அவர் கையை எடுக்கவில்லை. நெற்றியில் வேர்வை ஓட, வாய்க்குள் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டு, அந்த மீனை அப்படியே பிடித்திருந்தார். நான் இடது பக்கத்துக்கு மஞ்சள் தடவி, வேட்டியை ஒற்றி எடுத்தேன். தெளிவாக வந்தது. திருப்பினோம். வலது பக்கம் ஒற்றுகிறபோது அது வாலை ஒரு அடி அடித்தது. துணியில் வால் இரண்டாக விழுந்தது. மூன்றாவது அச்சுக்கு அவரும் தாங்க மாட்டார், மீனும் தாங்காது. போதும் என்றேன். அவர் தன் வேட்டியை மடித்துக்கூடக் கட்டாமல் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அதைத் தண்ணீருக்குள் விட்டார். கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றது. பிறகு நிமிர்ந்து, மஞ்சள் பூசிய உடம்போடு பாசிக்குள் போனது. போனபிறகும் அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையேறியதும்தான், “யம்மா” என்று உட்கார்ந்தார்.

செல்வி டீக்கு வைத்திருந்த வெந்நீரில் விரலை முக்கிவைத்தாள். கொஞ்சம் வலி இறங்கியதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தங்கச்சிக்குத் தெரிய வேணாம் மாப்ள. உசுரோட மீன நான் கையில புடிச்சேன்னா, இனிமே அடுப்படிக்குள்ள விட மாட்டா.” உன் அம்மாவைப் பொறுத்தவரை அது கார்க் கதவில் நசுங்கிய விரல்.

வேட்டியை உன்னிடம் கொடுத்தபோது உன் கையெல்லாம் நலுங்கு மஞ்சள். ஒன்றும் கேட்காமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் வைத்தாய். அச்சகத்துக்காரர், “சார், ஒரு மீனுக்கு ரெண்டு வாலு இருக்கு, ஒண்ண அழிச்சிடவா?” என்று போன் செய்தார். நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் இருந்த மாமா போனை வாங்கி, “அழிக்காதீங்க. அதுதான் உசுரு” என்றார். பை அப்படியே அடிக்கப்பட்டது. நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இரண்டு மீனும் ஒரே மீன்தான். தன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மதுரையில் அத்தனை வீட்டுக் கதவிலும் தொங்குகிறது என்று அதற்குத் தெரியாது.

தூண்டிலைப் பரணில் போட்டுவிடாதே. ஹைதராபாத்தில் கடல் இல்லை என்று சொல்லாதே, மதுரையிலும் இல்லை. உன் வீட்டுக்காரருக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்று கேள்விப்பட்டேன். நல்லது. கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார வை. குடை, செய்தித்தாள், தயிர்சாதம் கொடு. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எதையாவது ஒன்றை உன் மனசார வேண்டும் என்று கேள். பல காரியங்களைக் கேட்காமல் விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு எண்ணிக்கொண்டிருப்பதைவிட அது எல்லாருக்கும் நல்லது. நீ ஒரு மீனைக் கேட்டதால்தான் நான் என் மச்சானோடு ஒரு நாள் முழுக்க இருந்தேன். அவ்வளவு வருஷம் மாப்பிள்ளை மச்சானாக இருந்தும் அதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் சாமான் விலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

முகூர்த்தத்தன்று மாமா வந்தார், எல்லாருக்கும் முன்னால். பட்டு வேட்டி, தாய்மாமன் மாலை, கையில் பட்டத் தட்டு. உன் அம்மா அவரைப் பார்த்ததும் சிரித்ததை வீடியோக்காரர் எடுத்திருக்கிறார், பார். விரல் வீக்கம் அன்றைக்கும் வடியவில்லை, மடக்க முடியவில்லை. பட்டத்தின் நூலை மீதி விரல்களால்தான் முடிந்தார். எல்லாப் போட்டோவிலும் உன் பட்டம் இடது பக்கம் சரிந்திருக்கிறது.

அப்பா